பெற்றோர் அட்டை

அமருங்கள், ஐயா. இந்தப் பையை மடியில் எடுத்துக்கொள்கிறேன். கீழே வைக்க இயலாது. உள்ளே அகராதி இருக்கிறது. புத்தம் புதியது, பரிசளிப்பதற்காக வாங்கியது. நீங்கள் திருச்சி வரைக்குமா? நான் அதற்கு முன்பே, பல்கலைக்கழக வளைவில் இறங்கிவிடுவேன். இன்று அங்கே பட்டமளிப்பு விழா. பெற்றோர் என்ற முறையில் போகிறேன்.

என் தலையைப் பார்க்கிறீர்கள். அறுபத்தெட்டு வயதுக்காரனுக்கு இருபத்தொரு வயதில் மகளா என்று எண்ணுகிறீர்கள், எண்ணுவதில் தவறில்லை. முறையாகச் சொன்னால்தான் விளங்கும். முறையாகவே சொல்கிறேன்.

நான் தில்லைநாயகம். மணப்பாறையில் முப்பத்து நான்கு ஆண்டு தமிழாசிரியனாக இருந்தேன். நான் திருத்திய விடைத்தாளில் இன்னொருவர் குறை கண்டதில்லை. ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டில் மனைவி காலமானார். அதன்பின் வீட்டில் நானும் ஒரு சுவர்க்கடிகாரமும். அந்தக் கடிகாரம் நாளொன்றுக்கு நான்கு நிமிடம் பிந்தும். காலையில் எழுந்ததும் அதைச் சரிசெய்வேன். பிறகு மறுநாள் காலை வரைக்கும் சரிசெய்ய எதுவும் இராது.

அப்போதுதான் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் தேடினார்கள். தனியார் பல்கலைக்கழகம், பெயரை நான் சொல்லப் போவதில்லை, வளைவில் பெரிதாக எழுதியிருக்கிறது, போகும்போது படித்துக்கொள்ளுங்கள். அங்கே தர உறுதிப் பிரிவு என்று ஓர் அறை உண்டு. அந்த அறையில் யாரும் கற்பிப்பதில்லை. கற்பித்ததற்குச் சான்று சேர்க்கிறார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வெளியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வரும், கோப்புகளைப் பார்க்கும், தரம் இடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் இடுவதைப் போலத்தான். அதற்கான ஆவணங்களில் தமிழில் உள்ளவற்றையெல்லாம் பிழையறத் திருத்த ஒருவர் வேண்டும் என்றார்கள். எட்டு மாதம் அந்த அறையில் இருந்தேன். நடந்தவற்றுக்கெல்லாம் கோப்பு இருந்தது; கோப்பு இருந்தவற்றில் சில நடந்தும் இருந்தன.

இருங்கள், கைப்பேசி அடிக்கிறது. யாரென்று தெரிகிறதா பாருங்கள். படிக்கும் கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பூங்கோதையா? என் மகள்தான். கரூரில் வங்கியில் இருக்கிறாள். சாப்பிட்டாயிற்றா என்று கேட்பாள். பிறகு பேசிக்கொள்ளலாம். அந்தச் சிவப்பைத் தொட்டுவிடுங்கள்.

தர உறுதிப் பிரிவுக்குத் தலைவர் பேராசிரியை கிரேஸ் ஹெலினா. நல்லவர். மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமையே பார்த்திராதவர். முதல் நாள் என்முன் ஒரு கட்டு வைத்தார். பெற்றோர் கருத்துப் படிவங்கள், நானூற்றுப் பன்னிரண்டு. படித்துப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு பெற்றோரும் 'முன்னேற்றம்' என்ற சொல்லில் ஒரே எழுத்தை விழுங்கியிருந்தார்கள். மூன்றே மூன்று கையெழுத்து. நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்து என் துறை அன்று. எழுத்துப் பிழையைத் திருத்தினேன். எல்லாவற்றிலும் திருத்தினேன். ஒரு வாரம் ஆயிற்று. ஹெலினா அம்மையார் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயா, இத்தனை பேரும் இவ்வளவு சுத்தமா எழுதினா யார் நம்புவாங்க? அங்கங்க ஒரு பிழை போட்டுக் குடுங்களேன்" என்றார். என் கையால் பிழை எழுத வராது என்று சொல்லிவிட்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

அடுத்தது குறைதீர்ப்புப் பதிவேடு. ஆண்டுக்கு எத்தனை மாணவர் குறை சொன்னார்கள், எத்தனை தீர்ந்தன என்று குழு கேட்கும். அறுபத்தொரு குறைகள் வந்திருந்தன. அறுபத்தொன்றும் தீர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று ஒரு வாக்கியம். அலுவலகத்தார் எழுதியிருந்தவை வாக்கியங்களே அல்ல. எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கம். அனைத்தையும் நானே புதிதாக எழுதினேன். 'விண்ணப்பம் உரிய கவனத்துடன் ஆராயப்பட்டு, முறைப்படி முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது.' இப்படி. படிக்கும்போதே மனம் அமைதியடையும். அறுபத்தொரு முறை எழுதினேன், ஒன்றைப் போல் ஒன்று இராதவாறு.

இப்போதுதான் செய்தி வருகிறது.

மதிப்பீட்டுக் குழு வரும்போது பெற்றோரைச் சந்திக்கும். முப்பது பேர் வேண்டும். மாணவர்களின் பெற்றோர் எங்கெங்கோ இருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு யார் வருவார்? இருபத்திரண்டு பேர் உண்மையானவர்கள் கிடைத்தார்கள். எட்டுப் பேர் குறைந்தார்கள். நூலகரின் மைத்துனர், ஓட்டுநரின் மனைவி என்று ஏழு பேரைச் சேர்த்தார்கள். எஞ்சியது ஒருவர். ஹெலினா அம்மையார் என் மேசையருகே வந்து நின்றார். நின்றவிதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

பொய்க்கு உடன்படமாட்டேன் என்றேன். அவர் சொன்னார்: "பொய் இல்லைங்க ஐயா. அந்தப் பொண்ணோட அப்பா ராய்ப்பூர் பக்கம் போர்வெல் வண்டியில இருக்கார். வர முடியாது. அவருக்குப் பதிலா நீங்க உக்காரப் போறீங்க, அவ்வளவுதான்." படிவத்தில் 'பெற்றோர் அல்லது காப்பாளர்' என்றுதான் அச்சாகியிருந்தது. காப்பாளர் என்றால் ஒருவாறு பொருந்தும். ஒப்புக்கொண்டேன். ஆனால் அட்டையில் இடம் போதாததால் 'பெற்றோர்' என்று மட்டும் அடித்திருந்தார்கள்.

என்னிடம் அப்படி ஓர் அட்டை அதுவரை இருந்ததில்லை. பூங்கோதை நான் வேலை பார்த்த பள்ளியிலேயே படித்தாள். பெற்றோர் கூட்டத்தன்று நான் ஆசிரியர் வரிசையில் இருப்பேன். எதிர் வரிசையில் அவள் அம்மா. மதிப்பெண் அட்டையில் கையொப்பமும் அவள் அம்மாதான். ஒருவரே இரண்டு பக்கமும் உட்கார முடியாதல்லவா? பத்தாம் வகுப்பில் ஒருமுறை, கணக்குத் தாளில் பதினான்கு மதிப்பெண் கூட்டாமல் விட்டிருக்கிறது, வந்து கேளுங்கள் அப்பா என்று ஆசிரியர் அறைக்கு வந்து நின்றாள். உடன் பணியாற்றுபவரின் திருத்தலை நான் எப்படிக் கேள்வி கேட்பது? ஆசிரியர் பிழை செய்யமாட்டார், வகுப்புக்குப் போ என்றேன். போய்விட்டாள். அதன்பிறகு எதற்கும் என்னிடம் வந்து நின்றதில்லை. எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டாள். தன்னம்பிக்கை அப்படித்தான் வளரும்.

அவள் என்ன படித்தாளா? கணிதம். அல்லது புள்ளியியல். அவள் அம்மாவுக்குத் துல்லியமாகத் தெரியும்.

இந்தப் பெண்ணின் பெயர் தேன்மதி. திருச்செங்கோட்டுப் பக்கம். பதிவெண் கடைசி நான்கு இலக்கம் நாற்பது எழுபத்திரண்டு. நான் எதையும் ஆயத்தமின்றிச் செய்வதில்லை. மற்ற ஏழு போலிப் பெற்றோரும் பிள்ளையின் பெயரை மட்டும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தார்கள். நான் அவளை மூன்று முறை நூலகத்தில் சந்தித்து, ஒரு குறிப்பேடு முழுக்க எழுதிக்கொண்டேன். கத்தரிக்காய் உண்ணமாட்டாள். பல்லியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறிவிடுவாள். குருதிவகை ஓ நேர்வகை. அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஏழு மணிக்கு அழைப்பார். அந்த நேரத்தில்தான் வண்டியில் இயந்திரத்தை நிறுத்தியிருப்பார்களாம்.

முதலில் அந்தப் பெண் சிரித்தாள். "எங்கப்பாவுக்கே இதெல்லாம் தெரியாதுங்கய்யா" என்றாள்.

இரண்டாம் சந்திப்பில் கேட்டேன்: உனக்கு இங்கே ஏதேனும் குறை உண்டா? தந்தை என்றால் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா, அதனால் கேட்டேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மூன்றாம் பருவத்தில் ஒரு தேர்வு எழுதியிருக்கிறாள். முடிவு வந்தபோது அந்தத் தாளுக்கு எதிரே 'வரவில்லை' என்று இருந்திருக்கிறது. எழுதினேன் என்று விண்ணப்பம் கொடுத்தாள். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். மறுபடி கொடுத்தாள். மறுபடி பரிசீலனை. அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் பட்டம் இல்லை. படிப்பு முடிய அப்போது மூன்று மாதம் இருந்தது.

எனக்கு உடனே நினைவு வந்துவிட்டது. குறை எண் முப்பத்தேழு. அம்மா, உன் குறை தீர்ந்துவிட்டதே, நானே எழுதினேன் என்றேன். முறைப்படி முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது என்று வாக்கியத்தையும் சொன்னேன்.

"தீந்துருச்சுன்னா என்ற மார்க்கு எங்கீங்கய்யா?"

அது தேர்வு அலுவலகத்தின் வேலை என்று விளக்கினேன். "சரிங்கய்யா" என்றாள். இந்தச் 'சரி' எனக்குப் பழக்கமானதாகப் பட்டது. எங்கே கேட்டேன் என்று நினைவில்லை. அப்பாவிடம் சொன்னாயா என்றேன். "இல்லீங்க. அவரு வந்து என்ன பண்ணுவாரு, பாவம்" என்றாள்.

மறுபடி பூங்கோதையா? விடுங்கள். ஓசையைக் குறைத்துவிடுங்கள். மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை, பொழுது போகாது.

குழு வந்த நாளுக்கு வருகிறேன். வெள்ளை வேட்டி, சட்டை; அட்டையை ஊக்கால் குத்திக்கொண்டேன். குழுவில் மூன்று பேர். தலைவர் வெளிமாநிலத்தார், தமிழ் அறிந்தவர் ஒரே ஒரு பேராசிரியை. முப்பது பெற்றோரையும் அரைவட்டமாக உட்கார வைத்திருந்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருந்தது. 'கல்வி நிறைவாக உள்ளது. விடுதி உணவு வீட்டு உணவைப் போலவே உள்ளது.' முப்பது பேருக்கும் அதை எழுதித் தந்தவன் நான்தான்.

அந்தப் பேராசிரியை ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். நிறைவு, நிறைவு, நிறைவு. ஓட்டுநரின் மனைவி விடுதியிலேயே தங்காத பையனுக்காக விடுதி உணவைப் புகழ்ந்தார். என் முறை கடைசி. பேராசிரியைக்குக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதோ என்னவோ, கேள்வியை மாற்றினார்.

"உங்க பொண்ணு உங்ககிட்ட வந்து சொல்லி, நீங்க யார்கிட்டயும் போய்க் கேக்காம விட்டது ஏதாவது இருக்குங்களா, ஐயா?"

நான் எழுந்தது 'நிறைவாக உள்ளது' என்று சொல்லத்தான். வாக்கியம் ஆயத்தமாக இருந்தது. முப்பத்து நான்கு ஆண்டு வகுப்பெடுத்த நாக்கு, ஐயா. அது எனக்கு ஒருபோதும் தவறியதில்லை. ஆனால் வாய் திறந்தபோது வேறொன்று வந்தது.

"என் மகள் தேர்வு எழுதினாள். எழுதவில்லை என்கிறார்கள். எழுதினாள் என்று நான் சொல்கிறேன்."

பிறகு தேதி சொன்னேன். அறை எண், இருக்கை எண், விண்ணப்பித்த நாள்கள், குறை எண் முப்பத்தேழு, எல்லாம் குறிப்பேட்டைப் பாராமலே சொன்னேன். ஆசிரியரும் பிழை செய்வார் என்றேன். அதை எதற்குச் சொன்னேன் என்று விளங்கவில்லை. அங்கே ஆசிரியரைப் பற்றி யாரும் பேசவேயில்லை. நடுவில் நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அந்தக் கூடத்தில் குளிர்சாதனம் அதிகம். தலைவர் எழுந்து வந்து தம் கையாலேயே எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

குழு அன்று பிற்பகலே முப்பத்தேழாம் கோப்பைக் கேட்டது. தேர்வு அறையின் வருகைத்தாளில் தேன்மதியின் கையொப்பம் இருந்தது. மாலைக்குள் விடைத்தாளும் கிடைத்துவிட்டது. வேறொரு பாடத்தின் கட்டில் சேர்ந்துபோய் ஓராண்டுக்கு மேலாகக் கிடந்திருக்கிறது. எழுபத்தொரு மதிப்பெண். அதோடு நிற்கவில்லை. மற்ற அறுபது கோப்புகளையும் திறந்தார்கள். என் வாக்கியங்கள் எல்லாம் இருந்தன. வாக்கியங்களுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு ஒரு படி தரம் இறங்கிவிட்டது.

ஹெலினா அம்மையார் என்மேல் சினப்படவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தடவிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். "அப்பாவா உக்காரத்தானேய்யா சொன்னேன். அப்பாவாவே ஆயிட்டீங்களே" என்றார்.

நான் பொய் சொன்னதாக நீங்களும் கருதக்கூடாது. அவளைப் பெற்றதாக நான் எங்கும் சொல்லவில்லை. என் மகள் என்றேன். ஆசிரியர் மாணவியை அப்படிச் சொல்வது மரபு. நான் என் மாணவியர் எவரையும் அப்படிச் சொன்னதில்லை என்பது வேறு.

மறுவாரம் பணிவிடுவிப்பு ஆணை தந்தார்கள். அதில் இரண்டு பிழைகள், திருத்தித் திருப்பியனுப்பினேன். அட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை. இதோ, சட்டைப்பையில் இருக்கிறது பாருங்கள். தேதி ஏதும் அச்சிடப்படவில்லை. ஆகவே இன்றைக்கும் செல்லும்.

ஆணை வந்த அன்றிரவே பழனிச்சாமி அழைத்தார், தேன்மதியின் தந்தை. "ஐயா, நீங்க பேசுன மாதிரி எனக்குப் பேச வராதுங்க. உங்களத்தானுங்க புள்ள அன்னைக்கு அப்பான்னு நெனச்சுக்கிட்டாளாமா" என்றார். அந்த வாக்கியத்தை அவர் சொன்னபடியே குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வட்டார வழக்கு, இருந்தாலும் திருத்தவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் காலை ஏழு மணிக்குத் தேன்மதியை அழைக்கிறேன். தந்தை அழைக்கும் நேரம் அதுதானே, குறிப்பேட்டிலேயே இருக்கிறது. இருபத்தாறு ஞாயிறு ஆயிற்று. ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. எப்போதும் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்றே அந்தப் பதிவுக்குரல் சொல்கிறது. கெட்டிக்காரப் பெண், விடுமுறையிலும் தோழியரோடு பாடம் பேசுகிறாள் போலும். எட்டு மணிக்கு மேல் நான் அழைப்பதில்லை. அது முறையன்று.

அழைப்பிதழா? வரவில்லை. வருமென்று எதிர்பார்க்கவும் இல்லை. பெற்றோருக்கு எதற்கு அழைப்பிதழ்? ஒரு பட்டதாரிக்கு இரண்டு இருக்கை. ஒன்றில் அவள் அம்மா. இன்னொன்று வெறுமையாக இருந்தால் பார்ப்பதற்கு நன்றாக இராது. பழனிச்சாமி வர இயலாது. வடக்கே மழை பிடித்தால்தான் அந்த வண்டிகள் ஊர் திரும்பும் என்று தேன்மதியே சொல்லியிருக்கிறாள். வெளியே பாருங்கள், ஆடிக் காற்றும் புழுதியும்தான், எங்கே மழை?

வடக்கே வெள்ளமா? செய்தித்தாளில் வந்திருக்கிறதா? நான் இன்று படிக்கவில்லை. கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்றேனே.

வெள்ளம் என்றால் தண்டவாளமும் மூழ்கியிருக்கும். வந்துசேர நாளாகும்.

அதோ வளைவு தெரிகிறது. பந்தல் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். எத்தனை பேர், எத்தனை பேர். எல்லாரும் யாரோ ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

கைப்பேசி மின்னுகிறதா? செய்தியா? படித்துச் சொல்லுங்கள், ஐயா. உரக்க வேண்டாம்.

"அப்பா, வீட்டு வாசல்ல நிக்கிறேன். பூட்டியிருக்கு. எங்க இருக்கீங்க? எத்தன நேரமானாலும் இருக்கேன்."

கரூரிலிருந்து வந்திருக்கிறாள். சொல்லாமல் வந்திருக்கிறாள்.

இருப்பாள். அவளுக்குப் பழக்கம்தான். அன்றைக்கு வகுப்புக்குப் போ என்று நான் சொன்ன பிறகும் ஆசிரியர் அறை வாசலில் நின்றிருந்தாள், மணி அடிக்கும் வரைக்கும். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்; நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். "சரிப்பா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தச் 'சரி'.

நடத்துநர் விசில் அடித்துவிட்டார். மறுமொழி ஒன்று அனுப்பிவிடுங்கள், ஐயா. 'மாலைக்குள் வந்துவிடுவேன்' என்று எழுதுங்கள். முற்றுப்புள்ளி வையுங்கள். அதன் கீழே 'அப்பா' என்று எழுதவா என்கிறீர்களா?

வேண்டாம். எண்ணைப் பார்த்தாலே தெரிந்துகொள்வாள்.

ஒரே ஓர் உதவி. ஊக்குக் குத்திய துளை கண்ணுக்குப் புலப்படவில்லை. இந்த அட்டையைக் கொஞ்சம் குத்திவிடுங்கள். இன்னும் சற்று மேலே. எழுத்து மடியாமல், எல்லாருக்கும் தெரியும்படி.